நாற்பதாவது பிள்ளை

பெட்டியைத் தலைகீழாகக் கொட்டியும் நீலக் கவுன் கிடைக்கவில்லை. விடிவதற்குள் செத்துப்போன எட்டு வயது மகள் செண்பகத்துக்கு உடுத்த, கிழியாமல் இருந்த ஒரே துணி அது. மங்களம் கொட்டிய துணிகளைக் காலால் ஒதுக்கினாள்.

பக்கத்து அறை உம்மு சல்மா செண்பகத்தைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"இருக்கிறதைப் போடு மங்களம். குழி வெட்டுறவரு ஆள் அனுப்பிட்டாரு. அப்பன் தூக்கினாத்தானே கெளம்பலாம். வாத்தியார் எங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"இன்னைக்குமா?"

பெற்ற மகள் பாயில் கிடக்க, பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிய மனிதனை என்னவென்று சொல்வது? சிங்கப்பூருக்கே பெயர் மாற்றிய ஜப்பான்காரன் இன்று தலை எண்ண வருகிறான். நாற்பதுக்கு ஒன்று குறைந்தாலும் பள்ளிக்குப் பூட்டு. பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி கிடையாது, வாத்தியாருக்கு அரிசி கிடையாது. புருஷன் மருதப்பன் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அரிசியைத்தான் மங்களமும் இத்தனை நாள் தின்றாள். நினைக்க நினைக்க அது வேறு எரிந்தது.

பிணம் எடுக்குமுன் பெற்றவள் படி தாண்டக்கூடாது. தாண்டினாள். புருஷனை இழுத்துக்கொண்டு வராமல் விடுவதில்லை என்று, அவிழ்ந்த தலையோடு தேக்கா சந்தையைக் கடந்து போனாள்.

பள்ளிக்கூட ஜன்னலை எட்டியபோது பெயர் வாசிப்பு முடியும் நேரம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை எழுந்து, ஜப்பான் மொழியில் 'ஹை' என்றது. அதிகாரி விரல் மடக்கிக்கொண்டிருந்தான்.

"செண்பகம்," என்று வாசித்தார் மருதப்பன். குரல் நடுங்கவில்லை.

"ஹை."

மூன்றாம் பெஞ்சில் ஒரு சிறுமி எழுந்தாள். மரவள்ளிக்கிழங்கு விற்கும் பூவம்மாவின் மகள். பள்ளிக்கூட வாசலை மிதித்தே அறியாதவள். உடம்பில் நீலக் கவுன்.

மங்களம் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். 'அடப்பாவி' என்பது வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அதிகாரி அவளைப் பார்த்துவிட்டான். அவனுக்கு மொழிபெயர்க்கும் துபாஷி ஜன்னலருகே வந்தார்.

"யாரும்மா நீ? என்ன வேணும்?"

மருதப்பன் பதிவேட்டைவிட்டுக் கண் எடுக்கவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை போதும், அவர் தலை தப்பாது. பெஞ்சுகளில் பிள்ளைகள் எலும்பும் தோலுமாகக் கஞ்சி நேரத்துக்குக் காத்திருந்தன.

"செண்பகத்தோட அம்மா," என்றாள் மங்களம். "வீட்டுல சாவு. பிள்ளையக் கூட்டிட்டுப் போகணும்."

துபாஷி சொன்னதைக் கேட்டு அதிகாரி தலையசைத்தான். பதிவேட்டில் முத்திரை விழுந்தது.

"போம்மா, செண்பகம்," என்றார் மருதப்பன், அந்தச் சிறுமியிடம். மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

தெருவுக்கு வந்ததும் சிறுமி நின்றாள்.

"வாத்தியார் கஞ்சி தரேன்னாரு, அத்தை."

மங்களம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அந்தச் சின்னக் கை வெதுவெதுப்பாக இருந்தது. தெருமுனை தாண்டியும் அவள் அதை விடவில்லை.