நாலரைப் பக்கத் தும்மல்

"நம் காலத்து இசையை அந்தத் தும்மலுக்கு முன், அந்தத் தும்மலுக்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம்."

ஏசி மெக்கானிக் தன் கட்டுரையை இப்படித்தான் ஆரம்பித்திருந்தார். இசையை இரண்டாகப் பிரித்த அந்தப் பாட்டை உலகத்தில் மொத்தம் ஏழெட்டுப் பேர்தான் கேட்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இதை அவர் பெரிய குறையாக நினைக்கவில்லை.

பாட்டு பெரியவருடையது. காலமெல்லாம் சோகப் பாட்டாகப் பாடித் தள்ளி ஊரை அழவைத்த பாடகர் அவர். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு நகைச்சுவைப் பாட்டு பாடினார். பஸ் ஏறும் அவசரத்தில் ஒரு செருப்பைத் தொலைத்தவன், மிச்சமிருக்கும் செருப்பிடம் கெஞ்சுகிறான். 'நீயாவது என்னோடு இருப்பாயா?' என்று கடைசியாகக் கேட்கிறான். வாத்தியமெல்லாம் நிற்கிறது. ஒரு நொடி அமைதி. பிறகு எங்கோ தூரத்திலிருந்து அடுக்கடுக்காக ஒரு தும்மல். அதோடு சரி, பாட்டு முடிந்தது.

ஏனோ அது வெளிவரவில்லை. பாட்டுப் பதிவான அன்று ஸ்டுடியோவில் ஏசி வேலைக்குப் போயிருந்த மெக்கானிக், பாட்டு எப்படி வந்தது என்று நச்சரித்து நச்சரித்து, ஒலிப்பதிவாளரிடமிருந்து ஒரு கேசட் வாங்கிவிட்டார். "யாருக்கும் போட்டுக் காட்டாதப்பா" என்று சொல்லித்தான் கொடுத்தார். மெக்கானிக் கட்டின மனைவிக்குக்கூடக் காட்டவில்லை. பட்டறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பழைய கம்ப்ரசர்களுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து சிரித்தார்.

பெரியவரின் ரசிகர் சங்க விழாவில் பத்தொன்பது வருஷமாக நாற்காலி போடுகிறவர் அவர்தான். இந்த வருஷம் மேடையேறிக் கட்டுரை வாசிக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். சங்கத் தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "வெளிவராத பாட்டு. பெரியவர் சரின்னா மேடை. இல்லேன்னா நாற்காலி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். ஒலிப்பதிவாளரே போய்ச் சேர்ந்தபிறகு வாக்கு எதற்கு என்று கேசட்டையும் போட்டார். மனைவி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். தும்மல் வந்ததும் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது.

"என்னங்க, இது உங்க தும்மல்."

"உளறாத. அது பெரியவரோட கற்பனை."

"முப்பது வருஷமா காதுகிட்ட கேக்கறவ நானா, நீங்களா? முதல்ல சின்னதா ரெண்டு. அப்புறம் ஜன்னல் அதிர ஒண்ணு. கடைசில ஒரு அப்பாடா. திருப்பிப் போடுங்க. அப்பாடா இருக்கா இல்லியா?"

திருப்பிப் போட்டார். இருந்தது. கட்டுரையில் அந்த அப்பாடாவுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்: 'மனிதனின் மன்றாட்டுக்குப் பிரபஞ்சம் தரும் ஒற்றைச் சொல் பதில்.'

"அப்போ தும்மலைப் பத்தி எழுதின இந்த அஞ்சு பக்கமும்..." என்று இழுத்தாள் மனைவி.

"நாலரை" என்றார் மெக்கானிக்.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் பெரியவர் வீட்டுக்குப் போனார். பெரியவர் கழுத்தில் மப்ளரோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். "முதல்ல படிப்பா" என்றார். படித்தார். தும்மல் வந்த இடத்தில் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார்.

"அதை இன்னொரு தரம் படி."

நாலரைப் பக்கமும் இன்னொரு தரம் ஆயிற்று.

"ஐயா, அந்தத் தும்மல் வந்து..."

"கடைசில ஏதோ சத்தம் விழுந்துடுச்சு, பாட்டு வீணாப்போச்சுன்னான் அந்த ஒலிப்பதிவாளன். சத்தமாம்! அவனுக்கு என்ன தெரியும்? அந்தத் தும்மலுக்கு ரெண்டு நாள் சாதகம் பண்ணேன்."

"இல்லீங்கய்யா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

அப்போதுதான் தலைக்கு மேலிருந்த ஏசி, தூசியை ஒரு வீச்சு வீசியது. மெக்கானிக் மூக்கைப் பொத்தினார். பயனில்லை. சின்னதாக இரண்டு வந்தது. ஜன்னல் அதிர ஒன்று வந்தது. அடக்க முடியாமல் அப்பாடாவும் வந்துவிட்டது.

பெரியவரின் மகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பெரியவர் கண்ணைத் திறந்து, தும்மினவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

"அடேங்கப்பா! அச்சு அசலா என்னை மாதிரியே தும்முறியே. ரசிகன்னா இப்படி இருக்கணும்." பிறகு மப்ளரைச் சரிசெய்துகொண்டு, "விழாவுல பாட்டையும் போடுங்க. தும்மலை மட்டும் எவனும் வெட்டக் கூடாது" என்றார்.

வீட்டு வாசலிலேயே மனைவி மடக்கினாள். "சொன்னீங்களா?"

"அவரே தன்னோடதுன்னுட்டார். பெரிய மனுஷனை மறுத்துப் பேச முடியுமா?"

"அப்போ தும்மல் யாருது?"

"அது இப்போ இசையுலகத்தோடது" என்றார் மெக்கானிக். செருப்பைக் கழற்றும்போது இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

விழாவில் ஒரு வரி விடாமல் வாசித்தார். பாட்டைப் போட்டார்கள். செருப்புக்குச் சிரித்த கூட்டம், தும்மலுக்கு எழுந்து நின்று கை தட்டியது. சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்தே தனக்கு இந்தப் பாட்டின் அருமை தெரியும் என்றார். பெரியவர் அடக்கமாகத் தலையசைத்தார். மூன்றாவது வரிசையில் மெக்கானிக்கின் மனைவி வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். மேடையிலிருந்து அதைப் பார்த்த மெக்கானிக்குக்கும் சிரிப்பு வந்தது. அவ்வளவு நிறைவான ஒரு மாலை அவர் வாழ்க்கையில் அதற்குமுன் வந்ததில்லை.

பாட்டுப் பதிவான அன்றைய தும்மலுக்குக் காரணம் ஸ்டுடியோ ஏசியின் ஃபில்டரில் இருந்த தூசி. அந்த ஃபில்டரை முந்தின வாரமே துடைத்துவிட்டதாக சர்வீஸ் அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தவரும் அவர்தான்.