தொட்டிக்குப் போகும் வழி

"உள்ள ஒரு கால வச்சிப் பாரு. அந்தக் கால இங்கயே ஒடச்சிப் போட்டுர்றேன்!"

ஆதிநாராயணன் கொல்லைக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். கையில் உலக்கை. எதிரே செல்லியம்மாள், மயங்கிக் கிடந்த தன் புருஷன் சின்னதம்பியின் அக்குளில் கைகொடுத்து இழுத்தபடி. அவன் உடம்பெல்லாம் கக்கூஸ் தொட்டியின் சேறு. உதடு நீலம். அவர்களுக்குப் பின்னால், ஏழடி அளவுகோலோடு, சுகாதார ஆய்வாளனாகிய நான். ஆய்வாளன் என்றால் பார்ப்பவன். பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூச்சு இருக்குது சாமி! ஆஸ்பத்திரி தெருக்கோடிலதான இருக்குது. வுடுங்க சாமி!"

"வந்த வழியா தூக்கினு போ."

வந்த வழி என்றால் பின்சுவர். ஜமுனாமரத்தூரில் சரிவில் கட்டிய வீடு அது. சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று ஆள் உயரத்துக்குப் பாறை. தொட்டி அள்ள மலைக்குக் கீழே சந்தவாசலிலிருந்து வரும் புருஷனும் பெண்சாதியும் அதில் ஏறி, கயிறு பிடித்துச் சுவர் தாண்டித்தான் இறங்கவேண்டும். நடுவீட்டில் நடந்தால் வீடு தீட்டாகிவிடுமாம். நான் மட்டும் முன்வாசல் வழியாக வந்தேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுத் திருப்தியான பிறகு, ஆதிநாராயணன் சம்சாரம் மங்கம்மாள் காபிகூடக் கொடுத்தாள். நல்ல காபி.

எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான். அதுவரை மலைமேல் அரசாங்கக் கட்டடங்களின் தொட்டிகளை மட்டும் சோதித்துவந்தோம். எண்பத்து நாலில் சோதனையை வீடுகளுக்கும் விரிவாக்கி உத்தரவு வந்தது. புளி மண்டி ஆதிநாராயணனுக்குத்தான் முதல் நோட்டீஸ். என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: ஒரு வாரத்துக்குள் தொட்டியைக் காலிசெய்து காட்டவும். யாரை இறக்கிக் காலிசெய்வது என்று உத்தரவில் இல்லை. நானும் கேட்கவில்லை. கையெழுத்து நன்றாக இருக்கிறவன் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ளமாட்டான்.

மூடியைத் திறந்ததும் கோலை விட்டுப் பார்த்து, 'நாலரை அடி' என்று எழுதினேன். சின்னதம்பி இறங்கினான். மூன்றாவது வாளி மேலே வரவில்லை. செல்லியம்மாள் அவன் இடுப்புக் கயிற்றை இழுத்தாள். நானும் ஒரு கை கொடுத்தேன்.

"உயிர் போவுதுங்க. வழி விடுங்க" என்றேன், குரலில் அதிகாரத்தை வரவழைத்து. வரவில்லை.

"நீ பேசாத இன்ஸ்பெக்டரே! உன் நோட்டீஸால வந்த வினை. நாளன்னிக்கு என் பொண்ண பாக்க கலசப்பாக்கத்துலேர்ந்து வர்றாங்க. இவன நடுவூட்டுல இழுத்துனு போவணுமா?"

செல்லியம்மாள் படியில் கால் வைத்தாள். உலக்கை அவள் தோளில் இறங்கியது. ஈர விறகு முறிகிற சத்தம். அவள் பிடியை விடவில்லை. இரண்டாவது அடி புருவத்தைப் பிளந்தது. ரத்தம் சின்னதம்பியின் மார்பில் கொட்டியது.

"அட்றா! இன்னும் அட்றா! செத்தாலும் வுடமாட்டேன்!"

அவள் பேச்சிலிருந்து 'சாமி' போய்விட்டது.

உலக்கையைப் பிடித்தேன். கன்னத்தில் விழுந்த அறையில் என் கண்ணாடி தொட்டிக்குள் போயிற்று. அப்போதுதான் எனக்குப் பார்வை தெளிந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் ஒன்றும் தெரியவில்லை. கையில் இருந்ததை நீட்டினேன், அவ்வளவுதான்.

நாலரை அடிக்குச் சேறு சொட்டிய அளவுகோல். அதன் முனை ஆதிநாராயணனின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பெண்ணின் மண்டையைப் பிளக்கக் கூசாத மனுஷர் பின்வாங்கினார்.

"தள்ளு! அத அப்பால தள்ளு!"

தள்ளினேன், அவர் பக்கமாக. அடுப்படி, கூடம், சாமி அறை என்று அவர் பின்னோக்கியே நடந்தார். நான் கோலோடு, என் பின்னால் செல்லியம்மாள் புருஷனோடு. முன்கதவு சாத்தியிருந்தது. மங்கம்மாள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். அதற்காக அன்று மாலை அவள் வாங்கிய உதையை எந்தப் படிவத்திலும் நிரப்ப இடமில்லை.

சின்னதம்பி பிழைத்தான்.

தீட்டுப் போக வீட்டை அறுபது குடம் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். அத்தனையும் முற்றத்துச் சாக்கடை வழியாக, திறந்து கிடந்த தொட்டியில் இறங்கி, நிரம்பி, கொல்லையெல்லாம் வழிந்தது. மறுநாள் ஆதிநாராயணனே ஆஸ்பத்திரிக்கு வந்தார், மூக்கில் துண்டோடு. ரொட்டி வாங்கிக்கொண்டு நானும் போயிருந்தேன்.

"நாளைக்கு மாப்ள வூட்டுக்காரங்க வர்றாங்க. நாத்தம் கொடலப் புடுங்குது. அவனால முடியலன்னா நீயாவது வந்து அள்ளிட்டுப் போடி."

ஏழு தையலோடு இருந்த செல்லியம்மாள் ரொட்டியைப் பாலில் தோய்த்துப் புருஷனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நீங்களே எறங்குங்க மொதலாளி. நாங்கன்னா பாறை ஏறி வரணும். உங்களுக்கு வூட்டுக்குள்ளயே வழி இருக்குது."

அன்றே தொட்டிச் சோதனைப் படிவத்தை முடித்தேன். ஒன்பதாவது கேள்வி: தொட்டிக்குச் செல்லும் வழி. என் அழகான கையெழுத்தில் எழுதினேன்:

'முன்வாசல், சாமி அறை, கூடம், அடுப்படி, கொல்லைக் கதவு. ஆள் நடந்து போகலாம். சோதித்துப் பார்க்கப்பட்டது.'