நின்றவள் உட்கார்ந்தது

நூற்று நாற்பது ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்த பெண், 2025 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை உட்கார்ந்தாள். ஐந்தருவிச் சாலையில் பார்வதியம்மாளின் பழைய பங்களாவில், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த எண்ணெய் ஓவியத்தில் இருந்தவள் அவள். தாலி கட்டியவன் காட்டில் தூங்கவிட்டுப் போன காவியத்துப் பெண். பார்வதியம்மாளின் கொள்ளுத்தாத்தா காலத்தில் யாரோ ஓர் ஓவியர் அவளை ஒரு பாறையருகே நிறுத்தி, அவன் போன பாதையைப் பார்க்கவைத்து வரைந்திருந்தார். அன்று காலை அவள் அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தாள். பாதையைப் பார்க்கவில்லை.

முதலில் கண்டது அங்கே பெருக்கித் துடைக்கும் நிர்மலாதேவி. அவள் கணவன் மந்திரமூர்த்தி 2018-இல் காய்கறி லாரியோடு செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போனவன். அங்கே அந்த ஆண்டு வந்த வெள்ளம் வடிந்தபின் லாரி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகள் அவள் கதவைத் தாழிடாமல் தூங்கினாள். அணைந்துபோன அவன் செல்போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்தாள். இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லிக் கோர்ட்டில் மனுப் போடலாம் என்று கொழுந்தன் சுந்தரபாண்டி மூன்று முறை பேப்பரோடு பங்களாவுக்கே வந்தான்.

"ஏழு வருசம் ஆயிட்டு மதினி. ஒரு கையெழுத்துதான்."

ஒவ்வொரு முறையும் அவள் ஓவியத்தைக் காட்டினாள். "அவளே இன்னும் நிக்குதா. எனக்கு என்ன அவசரம்?"

இனி அப்படிக் காட்ட முடியாது. பார்வதியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "கால் வலிச்சிருக்கும்ட்டி. எத்தன காலந்தான் நிப்பா, பாவம்," என்றார். நிர்மலாதேவி ஈரத் தரையிலேயே சரிந்து, ஏழு ஆண்டுகளில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் மிச்சத் தரையைத் துடைத்தாள்.

வியாழக்கிழமை தென்காசிக்கு பஸ் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டாள். உடல் இல்லாததால் அவனுடைய நீலச் சட்டையை வைத்துச் சிற்றாற்றங்கரையில் காரியம் செய்தார்கள். பதினாறு நாள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பியபோது, ஓவியத்துப் பெண் பாறையில் சற்று நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருந்தாள்.

அதிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் நிர்மலாதேவி அரை மணி நேரம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். அந்த நேரத்தில் யாராவது தேடி வந்தால், படத்துக்குள் இருக்கிறாள், வந்துவிடுவாள் என்று பார்வதியம்மாள் சொல்லி அனுப்புகிறார். சேலை ஓரத்தில் கொஞ்சம் பச்சைச் சாயம் ஒட்டிக்கொள்கிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடுகிறது.