பின் ஸ்பிரிங்

வண்டி மரப்பெட்டியில் வந்தது. சேலத்திலிருந்து ஏறிய மினி லாரி கொண்டை ஊசி வளைவுகளில் அதை உலுக்கியிருந்தும் உள்ளே ஒரு கீறல் இல்லை. முருகானந்தம் ஆணிகளைப் பிடுங்கிப் பலகைகளை விலக்கினான். வெள்ளையும் சிவப்புமாக, முன்சக்கரம் இல்லாமல், கும்பிட்டுக் குனிந்தது போல் நின்றது. முகவிளக்கு இல்லை. நம்பர் பலகை இல்லை. மலையில் யாரும் அப்படி ஒரு வண்டியைப் பார்த்ததில்லை.

"பந்தயத்துக்குன்னே செஞ்சதுங்க. டூ ஸ்ட்ரோக். ரோட்டுல ஓட்டக் கூடாது" என்றான் ஸ்டீபன்.

ஸ்டீபன் சேலத்துக்காரன். மலைமேல் உள்ள வளப்பூர் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவன். லீவு நாட்களில் சேலத்து பைக் கிளப்போடு காடுமேடெல்லாம் ஓட்டுவான். மழைக்கு முன்பு ஒரு நாள், முருகானந்தத்தின் மனைவி ருக்குமணி பழைய மொபெட்டில் குச்சிக்கிழங்கு மூட்டையோடு ஓடைப் பாறையில் ஏறிப் போனதைப் பார்த்தான். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து நின்று பார்த்தான். பிறகு கிளப்பில் பேசினான்.

அதன் பலன்தான் இந்தப் பெட்டி. பெண்கள் பந்தயத்துக்கென்று கிளப் வாங்கிய ஒரே வண்டி. ஞாயிற்றுக்கிழமை கிளப் செயலாளர் வருவார். ருக்குமணி அவர் முன்னால் ஓடைப் பாதையில் ஏறிக் காட்ட வேண்டும். ஏறினால் இந்த வருடப் பந்தயமெல்லாம் அவளுக்கு. இல்லாவிட்டால் வண்டி கீழே சேலத்துக்குப் போய்விடும். அங்கே இன்னொரு பெண் காத்திருந்தாள்.

"வண்டிய மாட்டிச் சரி பண்றது உங்க பொறுப்புங்க" என்றான் ஸ்டீபன்.

"ஓட்டறது அவ பொறுப்பு. எது சிரமம்னு பாக்கலாம்" என்றான் முருகானந்தம்.

அடுத்த இரண்டு நாட்கள் அவனுக்குச் சந்தோஷமாகப் போயின. முன்சக்கரத்தை மாட்டினான். ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டு, தளர்ந்ததை இறுக்கினான். செயினுக்கு விரலளவு தொய்வு விட்டான். ருக்குமணியை ஏறி உட்காரச் சொல்லி, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி கிளட்ச்சையும் பிரேக்கையும் உள்ளே தள்ளி வைத்தான்.

அவள் உட்கார்ந்தபோது கால் இரண்டும் தொங்கின. அவன் அம்மா பொன்னம்மாள் முறத்தை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"ஏனுங் கண்ணு, எறங்கறதுக்கு ஏணி வெச்சிருக்காங்களா?"

"சீட்டுல ஏறிட்டா நான் எறங்க மாட்டனுங்க அத்தை. சோத்த அங்கயே கொடுத்துருங்க."

மலையில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் முருகானந்தத்தின் பட்டறைக்குத்தான் வரும். கீழே ஷோரூமில் வருகிற ஸ்பிரிங் மலைக்கு ஆகாது. இங்கே வண்டி என்றால் பின்னால் மூட்டை. குச்சிக்கிழங்கு, மிளகு, பலாப்பழம், சில நாள் ஆடு. அதனால் பின் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் வளையத்தை முறுக்கி, இறுக்கி, மூட்டை ஏறினாலும் அமுங்காதபடி செய்து கொடுப்பான். எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறான். சாப்பிட உட்காருமுன் கை கழுவுவது போல. இந்த வண்டிக்கும் சீட்டைக் கழற்றினான், இரும்புக் கம்பியை வளையத்தில் வைத்தான், சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கினான், சீட்டை மாட்டினான். அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

யோசித்ததெல்லாம் இஞ்சினைப் பற்றித்தான்.

பெட்ரோலில் ஆயிலை அளந்து கலந்து குலுக்கி ஊற்றினான். கிக்கரை மிதித்தான். வண்டி பிடித்தது. மலையே திரும்பிப் பார்க்கிற சத்தம். ஆனால் த்ராட்டிலைத் திருகினால் தொண்டையில் சளி கட்டியது போல் கமறியது. கொஞ்ச தூரம் போய் அணைந்தது. பிளக்கைக் கழற்றினான். கறுப்பாக, ஈரமாக இருந்தது.

"பெட்ரோல் அதிகமாப் போகுது. இது கீழ நாட்டுக்கு வெச்ச அளவு. இங்க காத்து மெலிசு" என்றான் ருக்குமணியிடம்.

"காத்து மெலிசா? எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லயே காத்து."

பெட்டியோடு வந்த சிறு பொட்டலத்தில், பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டுகள் இருந்தன, நெல் அளவில். கார்புரேட்டரைப் பிரித்து, ஓட்டை சிறியதாக இருந்த ஒன்றை மாட்டினான். கார்புரேட்டர் ஊசியையும் ஒரு படி இறக்கினான். ஓட்டிப் பார்த்தான். பிளக்கைக் கழற்றினான். இன்னும் கறுப்பு. மறுபடியும் பிரித்தான். சாயங்காலம் பிளக்கின் முனை பலாக்கொட்டையின் உள்தோல் நிறத்தில் வந்தது. சத்தம் தெளிந்திருந்தது. இஞ்சினைச் சூடேற்றினான், ஆற விட்டான், மறுபடி சூடேற்றினான். புது இஞ்சின் அப்படித்தான் பழக வேண்டும். பட்டறை வாசலில் கூடியிருந்தவர்களிடம், "இனி ஒண்ணுமில்ல, ஏறி உக்காந்து போக வேண்டியதுதான்" என்றான்.

புதன்கிழமை ருக்குமணி ஓடையில் இறங்கினாள்.

தண்ணீர் வற்றிய ஓடை. யானை முதுகு மாதிரி பாறைகள், இடையிடையே உருண்டைக் கற்கள். கடைசியில் ஆள் உயரத்துக்கு ஒரு மேடு. மொபெட்டில் அவள் தினமும் ஏறுகிற வழி. முதல் பாறை ஏறினாள். இரண்டாவது பாறையில் பின்சக்கரம் துள்ளியது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

முழங்கையைத் தடவிக்கொண்டு எழுந்தாள். "பின்னால ஒதைக்குதுங்க."

"பவர் சட்டுன்னு வருது. த்ராட்டில மெதுவாத் திருகு."

மெதுவாகத் திருகினாள். விழுந்தாள்.

அவன் இரவு ஊசியை மறுபடி ஏற்றினான். வியாழக்கிழமை இன்னும் மோசமாகப் போனது. ஊசியை இறக்கினான். டயரில் காற்றைக் குறைத்தான். வெள்ளிக்கிழமை அவள் மூன்றாவது பாறை வரை போனாள், அங்கே வண்டி அவளை முன்னால் தூக்கி எறிந்தது. உதடு கிழிந்தது.

"ஒதைக்குதுன்னு மூணு நாளாச் சொல்றேன். நீங்க அந்தக் கார்பேட்டரையே பிரிச்சுப் பிரிச்சு மாட்டறீங்க."

"இஞ்சின் மணி மாதிரி இருக்குது, ருக்கு. வண்டியில ஒண்ணும் குத்தமில்ல."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று அவனுக்குத் தெரிந்தது.

அவள் உதட்டை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். "செரி. அப்ப எம்மேலதான் குத்தம். மொபெட் ஓட்டறவளுக்கு இதெல்லாம் எதுக்கு? ஸ்டீபன் சாருட்டச் சொல்லிருங்க. அந்தச் சேலத்துப் புள்ளையே ஓட்டட்டும்."

அன்று இரவு பொன்னம்மாள் மஞ்சளை இழைத்து மருமகள் உதட்டில் வைத்தாள். "அந்தக் கழுதைய வுட்டுத் தள்ளு சாமி. மூஞ்சி முக்கியம்" என்றாள்.

சனிக்கிழமை கிழங்கு ஏற்றும் நாள். ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் லாரி ரோட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கிழங்குக் காட்டிலிருந்து ரோட்டுக்கு ஓடை வழிதான் குறுக்கு. மற்ற மூட்டைகளை ஆட்கள் மொபெட்டில் கொண்டு போயிருந்தார்கள். ஒரு சின்ன மூட்டை மிச்சம். மொபெட் திரும்பி வரவில்லை. லாரிக்காரன் விடாமல் அடித்தான்.

ருக்குமணி மூட்டையைத் தூக்கினாள். தோட்டத்து ஓரத்தில் சாத்தியிருந்த புது வண்டியின் சீட்டில் பின்னால் போட்டாள். கயிற்றால் கட்டினாள்.

"ஏ, என்ன பண்ற?" என்று ஓடி வந்தான் முருகானந்தம்.

"நாலு நாளாத் தின்னுட்டு நிக்குதில்ல? ஒரு மூட்டையாவது சொமக்கட்டும்."

"கிளப்பு வண்டி, புள்ள!"

"நாளைக்குத்தான கிளப்பு வண்டி. இன்னைக்கு என் வண்டி."

ஏறி உட்கார்ந்தாள். கிக்கரை மிதித்தாள். அப்போதுதான் அவன் அதைப் பார்த்தான். அவள் கால் தரையில் பட்டது. இரண்டு காலும் இல்லை, ஒரு காலின் பெருவிரல். முந்தின நாள் வரை காற்றில் தொங்கிய கால்.

அவள் போய்விட்டாள். முதல் பாறை. இரண்டாவது பாறை. பின்சக்கரம் பாறையை உதைக்கவில்லை. பாறையின் மேல் ஒட்டிக்கொண்டு, நாய் மேட்டில் ஏறுவது போல் ஏறியது. மூன்றாவது பாறையில் ஒரு கணம் நின்று, மூச்செடுத்து, போயிற்று. கடைசி மேட்டில் சத்தம் உச்சத்துக்குப் போனது. பிறகு மேலே ரோட்டில் கேட்டது. லாரிக்காரன் ஹாரனை நிறுத்திவிட்டான்.

முருகானந்தம் தன் வலது கையைப் பார்த்தான். யாரும் சொல்லாமல், அவனே சொல்லாமல், இரும்புக் கம்பியை எடுத்து வளையத்தை முறுக்கிய கை. அவன் அந்த வண்டியை ருக்குமணிக்குச் சரி செய்யவில்லை. ருக்குமணிக்கும் ஒரு மூட்டைக்கும் சேர்த்துச் சரி செய்திருந்தான்.

அவள் வெறும் வண்டியோடு திரும்பி வந்தாள். மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டி மறுபடி துள்ளியது. அவள் முகம் குழம்பியிருந்தது.

"ஏனுங்க, மூட்டையோட போனப்ப ஒதைக்கலீங்க."

"தெரியும். எறங்கு."

"என்ன தெரியும்?"

"நாந்தான் பண்ணேன். எல்லா வண்டிக்கும் முறுக்கற மாதிரி இதுக்கும் முறுக்கிட்டேன். உன் எடைக்கு அது அமுங்கவே இல்ல. கல்லுல பட்டதும் அப்படியே உன்னத் தூக்கி அடிக்குது."

ருக்குமணி வண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கிழிந்த உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"மூணு நாளு" என்றாள்.

"ஆமா."

"கார்பேட்டரு, கார்பேட்டருன்னு."

"ஆமா புள்ள."

"பொறவு பேசிக்கறேன் உங்கள. இப்பக் கழட்டுங்க."

பட்டறையில் சீட்டைக் கழற்றினான். வளையத்தைத் தட்டித் தட்டித் தளர்த்தினான். இந்த முறை அவளை ஏறி உட்காரச் சொன்னான். அம்மா முன்னால் நின்று ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டாள். பின்சக்கர அச்சிலிருந்து மட்கார்டு வரை ஒரு மூங்கில் குச்சியை நிறுத்தி, ஆணியால் கோடு கிழித்தான். இறங்கச் சொன்னான். கோடு கிழித்தான். இரண்டு கோட்டுக்கும் நடுவே வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தான். இன்னும் தளர்த்தினான்.

"ஏறு."

"எறங்கு."

"ஏறு."

"ஏன்டா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தப்பக் கூட நீ இவ்வளவு பாக்கலயேடா" என்றாள் பொன்னம்மாள்.

வளையம் கடைசி மரையில் வந்து நின்றது. இதற்கு மேல் தளர்த்தினால் ஸ்பிரிங் கடகடக்கும். அப்போதும் போதவில்லை. செய்தவர்கள் அதை ஒரு பெரிய ஆளை மனதில் வைத்துச் செய்திருந்தார்கள். ஆனால் அவள் பெருவிரல் தரையைத் தொட்டது. இருட்டுவதற்குள் அவள் ஓடையில் மூன்றாவது பாறை வரை ஏறி, தானாகவே நிறுத்தி, திரும்பி வந்தாள். விழவில்லை. மேட்டில் ஏறிப் பார்க்க வெளிச்சம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகும் நேரத்துக்கு ஸ்டீபன் செயலாளரை அழைத்து வந்தான். முருகானந்தம் ஓர் ஆணை எதிர்பார்த்திருந்தான். வந்தவர் கோகிலவாணி, நாற்பது வயதிருக்கும், ஒரு காலைச் சாய்த்து நடந்தார். முன்பு பந்தயம் ஓட்டியவர் என்று ஸ்டீபன் சொன்னான். ஓடையை மேலிருந்து கீழ் வரை நடந்து பார்த்தார். மேட்டின் உச்சியில் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"வரச் சொல்லுங்க" என்றார்.

ருக்குமணி கிளப் கொடுத்த பூட்ஸையும் ஹெல்மெட்டையும் போட்டிருந்தாள். முருகானந்தம் பக்கத்தில் போனான். சொல்ல நிறைய இருந்தது.

"பெட்ரோல் தெறந்திருக்குது" என்றான்.

"தெரியுமுங்க. தள்ளுங்க."

முதல் பாறை. இரண்டாவது. உருண்டைக் கற்களில் வண்டி ஆடியது, அவள் ஆடவில்லை. மூன்றாவது பாறையில் பின்சக்கரம் ஒரு முறை துள்ளியது. அவள் இடுப்பைப் பின்னால் தள்ளி அதை அமுக்கினாள். மேடு. பாதி மேட்டில் இஞ்சின் அணைந்தது.

சத்தமே இல்லை. எங்கோ ஒரு மரங்கொத்தி.

அவள் விழவில்லை. ஒரு காலைப் பாறையில் ஊன்றி, பிரேக்கைப் பிடித்துச் சரிவில் அப்படியே நின்றாள். எட்டாத காலாக இருந்தால் அங்கேயே சாய்ந்திருப்பாள். வண்டியை ஒரு சாண் பின்னால் வழுக்க விட்டு, கல்லில் சக்கரத்தை முட்டுக் கொடுத்து, கிக்கரை மிதித்தாள். இரண்டாவது மிதியில் பிடித்தது. நீலப்புகைக்குள்ளிருந்து ஏறி கோகிலவாணியின் பக்கத்தில் போய் நின்றாள்.

கோகிலவாணி எழுந்து வந்து, வண்டியின் பின்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். மேலே மூச்சிரைக்க வந்து சேர்ந்த முருகானந்தத்தைப் பார்த்தார்.

"இஞ்சின நீங்கதான் செட் பண்ணீங்களா?"

"ஆமாங்க."

"அருமையா இருக்குதுங்க. பின்னாடி ஏன் இப்படிக் கல்லாட்ட இருக்குது?"

ஸ்டீபன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முருகானந்தம் முந்திக்கொண்டான்.

"இத விடக் கல்லா இருந்துச்சுங்க. மூட்டை ஏத்தற வண்டி மாதிரி நான் முறுக்கி வெச்சுட்டேன். அதனால மூணு நாள் இவ விழுந்தா. இவ ஓட்டறதுல ஒரு குத்தமும் இல்லீங்க. நேத்துத்தான் தளர்த்துனேன். இதுக்கு மேல எடமில்ல. ஸ்பிரிங்கே வேற வேணும்."

கோகிலவாணி ருக்குமணியின் உதட்டைப் பார்த்தார். செல்போனை எடுத்தார்.

"எடை என்ன?"

"ஆருதுங்க?" என்றாள் ருக்குமணி.

"உங்களதுதாங்க. எடைக்குத் தகுந்த ஸ்பிரிங்தானே ஆர்டர் போட முடியும்? மொதப் பந்தயத்துக்கு முன்னாடி வந்தாகணும்."

பந்தயம் தனக்குத்தான் என்று, ஸ்டீபன் சிரித்த பிறகுதான் ருக்குமணிக்குப் புரிந்தது. அவள் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"எடை என்னன்னு தெரியலீங்களே" என்றான் முருகானந்தம். இத்தனை வருடத்தில் அதை அவன் கேட்டதில்லை.

ரோட்டோரத்தில் மிளகு வாங்கும் செல்லமுத்துவின் கடை. ஞாயிற்றுக்கிழமை என்று பாதிக் கதவு சாத்தியிருந்தது. எல்லாரும் போய்த் தட்டினார்கள். செல்லமுத்து விஷயத்தைக் கேட்டு, தராசு மேடையிலிருந்த சாக்கை இறக்கி, துண்டால் துடைத்துவிட்டார்.

"பூட்ஸக் கழட்டட்டுங்களா?"

"வேண்டா. ஹெல்மெட்டும் இருக்கட்டும். வண்டியில அப்படித்தான உக்காருவ" என்றான் முருகானந்தம்.

ருக்குமணி மேடையில் ஏறினாள். சிவப்பு எண்கள் மேலும் கீழும் ஓடின. அவள் வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூச்ச வுடு, புள்ள" என்றான். "அதையும் சேத்துத்தான் ஸ்பிரிங்கு."