அப்பா நிரப்பிய படிவம்

முதல் ஆலோசகர் தொலைபேசியில், "அவருக்கே வரணும்னு இருக்கா?" என்று கேட்டார். தனக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான் அப்பாவின் நோயே என்று விளக்கினேன். "அப்போ அவருக்கே தோணினதும் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். இரண்டாமவர், மனச்சோர்வு இருந்தால் அழைத்து வரச் சொன்னார். எங்கள் வீட்டில் மனச்சோர்வுக்குப் பஞ்சமில்லை. அப்பாவிடம் மட்டும் இல்லை. மூன்றாவதாகப் பேசிய டாக்டரம்மா, நார்சிசிஸ்டிக் பர்சனாலிட்டி டிஸார்டர், அதாவது தன்னை மட்டுமே பெரிதாக நினைக்கும் நோய், என்று நான் சொன்னதும் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"நேர்ல பார்க்காம பேர் வைக்கக் கூடாது தம்பி. வியாழக்கிழமை பதினொரு மணி. கூட்டிட்டு வந்துடுவீங்களா?"

"தூக்கிட்டாவது வந்துடறேன் டாக்டர்."

அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வண்டி சரியாக நின்றால் அது அவர் போட்டது. எதிலாவது இடித்தால் மாணவர் போடாமல் விட்டது. வீட்டிலும் இதே சட்டம்தான். நான் தேர்வில் தேறினால் அவர் மூளை, தோற்றால் அம்மா வளர்ப்பு. அம்மாவுக்குக் கருப்பையை எடுத்தபோது, பார்க்க வந்தவர்களையெல்லாம் மருத்துவமனை வராந்தாவிலேயே நிறுத்தி, நான்கு நாளாகத் தான் ஓட்டலில் சாப்பிடும் கொடுமையைச் சொன்னார். வந்தவர்கள் அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது என்று அப்படியே திரும்பிப் போனார்கள்.

இதற்கு முந்தைய மாதம் மாணவர்கள் எதிரில் அம்மா, அவர் தப்பாகச் சொன்ன ஒரு தேதியைத் திருத்திவிட்டாள். பதினெட்டு நாள் அவளோடு பேசவில்லை. பத்தொன்பதாம் நாள் அம்மா என்னிடம் சொன்னாள்: "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன்டா. யார்கிட்டயாவது போய் உட்கார்ந்து அவர் கொஞ்சம் மாறினா இருக்கேன். இல்லேன்னா உன் சித்தி வீட்டுக்குப் போயிடறேன். அவ ஒரு ரூமே ஒழிச்சு வச்சிருக்கா." அப்பா குணமாக வேண்டும், அல்லது அம்மா தப்பிக்க வேண்டும். எனக்கு இரண்டில் எது நடந்தாலும் சம்மதம்.

அவரை அழைத்துப் போக ஒரே வழிதான் தெரிந்தது.

"அப்பா, ஒரு டாக்டரம்மா குடும்பங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றாங்க. அனுபவசாலியா ஒருத்தர் கருத்துச் சொல்லணுமாம்."

"என்னைப் பத்தி யார் சொன்னது அவங்களுக்கு?"

"விசாரிச்சிருப்பாங்க போல."

"விசாரிச்சா என் பேர்தான் வரும்" என்று சட்டையைத் தேய்க்கக் கொடுத்தார்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கதவு வழியாக ஐம்பது நிமிடமும் ஒரே குரல்தான் கேட்டது. வெளியே வந்தவர், "நல்ல பொண்ணுடா. கத்துக்கணும்கிற ஆர்வம் இருக்கு" என்றார். மூன்று வியாழன் இப்படிப் போனது. என் பொய்யை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் உண்மையைப் போட்டு உடைப்பார், அப்பா எழுந்து வந்துவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் அம்மா, "நிஜமாவே போறாராடா? அவராவா?" என்று மூன்று வாரமும் கேட்டாள். மூன்றாவது வாரம் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தாள். அது எனக்குத் தாங்கவில்லை.

அன்றுதான் டாக்டர் அப்பாவிடம் ஒரு படிவம் கொடுத்திருந்தார். நாற்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை கட்டங்கள். வீட்டில் நிதானமாக நிரப்பி வரச் சொல்லியிருந்தார்.

கட்டம் போட்ட தாளைக் கையில் கொடுத்தால் அப்பா இன்னொருவருக்கு மதிப்பெண் போடுவார். இருபத்திரண்டு வருடத் தொழில் அது. கண்ணாடியைப் பார்க்கவில்லை, கியரை மாற்றவில்லை என்று மாணவர்களுக்குப் போடும் அதே சிவப்புப் பேனாவை எடுத்தார். மேலே பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினார்.

'என் அருமை மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.' மூன்று. ஓரத்தில் குறிப்பு: எந்நேரமும் புலம்பல்.

'என்னைக் குறை சொன்னால் தாங்க மாட்டேன்.' மூன்று. உடனே அழுகை.

'என் வேலைக்கு மற்றவர்களைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.' மூன்று. கடைக்கு நான் போக வேண்டியிருக்கிறது.

நூற்றிருபதுக்கு நூற்றுப் பதினேழு. கீழே கையெழுத்து, பள்ளியின் முத்திரை.

நான்காவது வியாழன் டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் அப்பாவிடம் நேராகவே சொன்னார்.

"சார், நீங்க இங்க கருத்துச் சொல்ல வரல. இது உங்களுக்கான சிகிச்சை. இந்தப் படிவம் உங்களைப் பத்தினது."

அப்பா கோபப்படவே இல்லை. "புரியுது டாக்டர். வீட்டுல ஒருத்தருக்கு நோய்னா, பார்த்துக்கறவங்களுக்கும் சிகிச்சை வேணும்தான். நான் யார்கிட்டயும் காட்டிக்கறதில்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "அடுத்த வாரம் உங்க மனைவியையும் அழைச்சிட்டு வாங்க. அவங்க பக்கத்தையும் கேட்கணும்."

அந்த ஒரு வாக்கியம் அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தாளை அம்மா கையில் கொடுத்தார். "உன்னைத்தான் வரச் சொல்றாங்க. பயப்படாத, நான் இருக்கேன்."

அவர் குளிக்கப் போனதும் அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, அது அப்பாவோட படிவம். நான் ஒரு பொய்யச் சொல்லித்தான் அவரை…"

"பார்த்ததுமே தெரிஞ்சுதுடா."

மூச்சு வந்தது எனக்கு. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தாள்.

"ஆனா இந்தப் பதினேழாவதைப் பாரேன். மத்தவங்க நல்லாயிருந்தா பொறாமையா இருக்கும்னு. உன் சித்தியப் பார்த்து எனக்கு வந்திருக்கு."

"எல்லாருக்கும் வரும்மா."

"இதுல பாரு, யாராவது பாராட்டணும்னு ஏங்குவேன். ஏங்கியிருக்கேன்டா. ஒரு தடவையாவது இந்த மனுஷன் வாயால, நீ செஞ்சது நல்லாயிருக்குன்னு… தினம் ஏங்கியிருக்கேன். அதுக்கு மூணு போட்டது சரிதானே?"

"அம்மா, அறையறேன் பாரு உன்னை."

"அறை" என்று சிரித்தாள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வியாழன் அம்மாவோடு நான்தான் போனேன். ஐம்பது நிமிடம் என்பது ஒன்றரை மணி நேரம் ஆனது. கதவு வழியாக டாக்டரின் குரல்தான் அதிகம் கேட்டது. அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எனக்கு அந்த நோயெல்லாம் கிடையவே கிடையாதுன்னு அடிச்சுச் சொல்றாங்க."

"நான் என்ன சொன்னேன்!"

"இல்லடா. இந்த நோய்க்காரங்க டாக்டரையே மயக்கிடுவாங்கன்னு அப்பா எங்கயோ படிச்சாராம். அந்தப் பொண்ணு எனக்காகக் கண் கலங்கிடுச்சு. பாவம், நான்தான் என்னமோ பேசி அவங்களை ஏமாத்திட்டேனோன்னு இருக்கு."

அப்பா அதற்குப் பிறகு போகவில்லை. தன் வேலை முடிந்தது என்றார். பயிற்சிக்கு வருகிறவர்களிடம், மனைவியின் வியாதியைத் தானே கண்டுபிடித்த விதத்தைச் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் சொல்கிறார். கேட்டவர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள். வியாழக்கிழமை பதினொரு மணியை அம்மா எடுத்துக்கொண்டாள். ஒரு வாரமும் தவறுவதில்லை.

அம்மா சொல்லியிருந்த மாதக் கடைசியில் சித்தி போன் செய்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"இல்லடி, வரல. ரூமை நீ வேற எதுக்காவது வச்சுக்கோ… அவருக்கு இல்லடி, எனக்குத்தான் அந்த நோய். நல்லாத்தான் இருப்பேன், ஆனா கூட இருக்கறவங்களைப் படுத்திடுவேனாம். இவங்களுக்குப் பழகிப்போச்சு. உன் வீட்டையும் வந்து நான் எதுக்குடி கெடுக்கணும்?"