டிக்கெட் அத்தையின் மூக்கு

அத்தை ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிய கணவர் ஒருமுறை அவசரத்தில் டிக்கெட் எடுக்காமல் வண்டியேறிவிட, ஊரே பார்க்க அவருக்கு அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு வீட்டுக்கு வந்து, முகம் கோணாமல் அவருக்குச் சாப்பாடும் போட்டார். அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குப் பரம்பரைச் சொத்து இரண்டுதான்: நேர்மை ஒன்று, மூக்கு ஒன்று. நேர்மையை எவரும் சந்தேகப்பட்டதில்லை. மூக்கைப் பற்றி வாய் திறக்க எவருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் வந்ததில்லை.

அன்று மாடி அறையில் சிரிப்புச் சத்தம் கூரையைப் பிய்த்தது. அங்கேதான் அவருடைய தம்பி பிள்ளைகள் இருவரும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். மருமகள் படம் வரைவாள். மருமகன் புரோகிராம் எழுதுவான். துணி தேய்க்கும் பலகைதான் அவளுக்கு மேசை. தரையெல்லாம் வயர், ஜன்னலோரம் கழுவாத கோப்பைகள்.

விளையாட்டு இதுதான். ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துக் குகைக்குள் போக வேண்டும். கடைசியில் இருக்கும் டிராகனை வீழ்த்த வேண்டும். நடுவில் செத்தால் சேர்த்ததெல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அதுவும் பழைய குகை இல்லை. பாதையும் பூதங்களும் பொருட்களும் சீட்டுக்கட்டைக் குலுக்கிப் போட்டதுபோல ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிடக்கும். சோதனைப் பதிப்பை ஆடிப் பார்த்தவர்களின் கருத்துகள் வந்திருந்தன. மருமகன் உரக்கப் படித்தான்.

"'டிக்கெட் அத்தைக்கு இருக்கிறது மூக்கா, படகுத் துறையா?'"

மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"'மூக்கு முதல்ல குகைக்குள்ள போயிடுது. ஆள் அப்புறமா வர்றாங்க.' இதைக் கேளு, சொறித்தவளைன்னு பேர் வச்சுக்கிட்டு ஒருத்தன் எழுதியிருக்கான். 'குடையை எந்தப் புண்ணியவான் செஞ்சான்? குடை கிடைச்சா தூங்கிக்கிட்டே ஜெயிக்கலாம். மத்த ஆயுதமெல்லாம் குப்பை.'"

"யாருடா அது டிக்கெட் அத்தை?"

வாசலில் அத்தை நின்றார். திரையில், நீலக் கோட்டு போட்டு, நிமிர்ந்த முதுகோடு ஒரு சின்ன உருவம் குடையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"கற்பனைப் பாத்திரம் அத்தே," என்றாள் மருமகள்.

"மூக்கு?"

"அது... பொதுவான மூக்கு."

"உங்கப்பன் மூக்கு, என் மூக்கு, உன் மூஞ்சியில இருக்கிற மூக்கு. இதுல பொது எங்கடி இருக்கு?"

மருமகன் மெல்ல விஷயத்தை உடைத்தான். மூக்கைச் சின்னதாக்கச் சொல்லிப் பலர் எழுதியிருக்கிறார்கள். சாயங்காலம் புதுப் பதிப்பு வெளியாக வேண்டும். மருமகள் திரையில் அழிப்பானைத் தேர்ந்தெடுத்தும்விட்டாள்.

"கையை எடு! தலைமுறை தலைமுறையா வளர்த்த மூக்கு. நீ ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து நறுக்குவியா?"

அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டு, ஒற்றை விரலால் தாமே பதில் தட்டினார்: 'மூக்கு குறைக்கப்பட மாட்டாது. இப்படிக்கு, மூக்குக்கு உரியவர்.'

அவ்வளவுதான், தேன்கூட்டில் கல் விழுந்தது. நிஜமான அத்தையே வந்துவிட்டார் என்று செய்தி பறந்தது. சொறித்தவளை எழுதினான்: 'குடை இல்லாம உங்களால ஒரு எலியைக்கூட அசைக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள குடை இல்லாம டிராகனை ஜெயிங்க, மூக்கைப் பத்தி மூச்சுவிட மாட்டேன். தோத்தா மூக்கைக் குறைக்கணும். சரியா?'

'சரி' என்று தட்டிவிட்டார் அத்தை.

மருமகன் தலையில் கை வைத்தான். "அத்தே, நீங்க இதுல கரண்ட் பில் கட்டினதைத் தவிர எதுவுமே பண்ணினதில்லையே!"

"பில் ஒழுங்கா போச்சா இல்லையா? நகரு."

ஆட்டம் நேரலையில் ஓடியது. முதல் முறை எலி கடித்துச் செத்தார். அடுத்த முறை சுவர் ஓவியத்தை ரசித்தபடியே கிணற்றில் விழுந்தார். அப்புறம் கள்ளப் பூதங்கள் கூட்டமாக நின்றதைப் பார்த்து, வரிசை என்று நினைத்துப் பின்னால் போய் நின்று செத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்து உருண்டார்கள்.

பிறகுதான் ஓரத்தில் ஒரு பொத்தான் அவர் கண்ணில் பட்டது: 'டிக்கெட் காட்டு'. மருமகள் வேடிக்கைக்காகச் சேர்க்கச் சொன்ன வித்தை அது. அமுக்கினால் எதிரி ஒரு கணம் பையைத் தடவிக்கொண்டு நிற்கும். குடையால் ஒரே போடு போட்டால் வேலை முடியும்போது அதை யார் தேடுவார்கள்? அத்தைக்கோ அது கைவந்த பழக்கம். எலியிடம் கேட்டார். வௌவாலிடம் கேட்டார். எலும்புக்கூட்டிடம், "பை இல்லைன்னு சாக்கு சொல்லாதே," என்று அதட்டினார். அவை திகைத்து நின்ற கணத்தில் செருப்பால் ஒன்று வைத்தார். குகையில் கிடைத்த ஒரே ஆயுதம் அந்தப் பழைய செருப்புதான்.

கடைசியில் டிராகன் வந்தது, நெருப்பு கக்கிக்கொண்டு.

"டிக்கெட்!"

டிராகன் இறக்கைக்கு அடியில் தடவியது. செருப்படி. மறுபடி "டிக்கெட்!" மறுபடி தடவல். செருப்படிக்கு மேல் செருப்படி வாங்கி, மலைபோலச் சரிந்தது.

மருமகள் நாற்காலிமேல் ஏறிக் குதித்தாள். சொறித்தவளை மட்டும், 'அழுகுணி ஆட்டம்! குடையைவிட மோசம் இந்தப் பொத்தான்!' என்று அலறினான்.

அத்தை புருவத்தைச் சுருக்கினார். "ஏண்டா, இந்தப் பூதங்களுக்கு டிக்கெட் எங்க விக்கிறே?"

"எங்கேயும் இல்லை அத்தே. டிக்கெட்டுன்னு ஒரு பொருளே கிடையாது. கேட்டா முழிச்சுக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான் எழுதினேன்."

அத்தையின் முகம் கறுத்தது. "கவுன்ட்டர் இல்லாத ஸ்டேஷன்ல ஏறினவனுக்கு அபராதம் போடக்கூடாது. நான் போட்டதே இல்லை." உடனே தட்டினார்: 'என் வெற்றி செல்லாது.'

"அத்தே, மூக்கு!" என்று இருவரும் கத்தினார்கள்.

"மூக்கு போனா முகத்துல ஒரு இடம் காலி. நாணயம் போனா குடும்பமே காலி. டிக்கெட்டைப் போடுடா குகைக்குள்ள!"

மருமகன் வியர்க்க விறுவிறுக்க எழுதினான். இனி குகை வாசலில் டிக்கெட் கிடைக்கும். எந்தப் பூதம் எடுத்திருக்கும், எது எடுத்திருக்காது என்பது குலுக்கலில். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இன்னும் ஓர் ஆட்டத்துக்குத்தான் நேரம்.

அத்தை புயலாகப் போனார். டிக்கெட் எடுத்த வௌவாலுக்கு வழிவிட்டார், கடி வாங்கினார். எடுக்காத எலும்புக்கூட்டை நொறுக்கினார். கேட்கவே விடாமல் நெருப்பு கக்கிப் பாய்ந்த டிராகனைச் செருப்பும் கையுமாகச் சுற்றிச் சுற்றி அடித்து, இன்னும் ஓர் அடியில் விழும் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"டிக்கெட்!"

டிராகன் இறக்கைக்குள்ளிருந்து ஒரு சீட்டை நீட்டியது.

'அடிங்க அத்தே, அடிங்க!' என்று திரை முழுக்க எழுத்து கொட்டியது. மருமகள், "கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு போடுங்க!" என்று கெஞ்சினாள். அத்தை கண்ணாடியை மாட்டித் தேதியைப் பார்த்தார். வகுப்பைப் பார்த்தார்.

"செல்லும். போகலாம்."

ஒதுங்கி வழிவிட்டார். டிராகன் டிராகன்தானே! ஒரே வாயில் அவரை விழுங்கிவிட்டது.

அத்தை எழுந்து புடவையை உதறிக்கொண்டார். "குறை," என்றார் மருமகளிடம்.

அதற்குள் சொறித்தவளை எழுதியிருந்தான்: 'எத்தனையோ பேர் சாகிறதைப் பார்த்திருக்கேன். வழிவிட்டுச் செத்தவங்க நீங்க ஒருத்தர்தான். மூக்கைத் தொடாதீங்க.'

"ஓசிப் பயணம் நமக்குப் பழக்கமில்லை. குறைடி!"

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தயத்தை மறுபடி படித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். "அத்தே, எவ்வளவு குறைக்கணும்னு அவன் சொல்லவே இல்லையே!"

படம் முழுக்கச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஆனது. மூக்கு நுனியில் ஒரே ஒரு புள்ளியை அவள் அழித்தாள். அத்தை திரையோடு திரையாகக் குனிந்து சோதித்தார்.

"குறைஞ்சுதான் போச்சு," என்றார், இழவு வீட்டுக் குரலில். "குடையோட பலத்தையும் பாதியாக்குடா. நம்ம விளையாட்டுல ஒருத்தன் குடையாலதான் ஜெயிச்சான்னு நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது."

புதுப் பதிப்பு வெளியானது. முதல் கருத்து சொறித்தவளையிடமிருந்துதான்: 'குடை இப்போ சரி. ஆனா மூக்கு மொட்டையா இருக்கு. அந்தப் புள்ளியைத் திருப்பி வைங்க, ப்ளீஸ்!'

"வைக்கட்டுமா அத்தே?" என்று திரையில் அழிப்பானை விட்டுத் தூரிகைக்குத் தாவினாள் மருமகள்.

"சும்மா வைக்கக்கூடாது. புதுப் பந்தயம் போடச் சொல்லு அவனை," என்று முழங்கையால் மருமகனை நகர்த்திவிட்டு, அத்தை மறுபடி குகைக்குள் இறங்கினார்.