ஜன்னலுக்குக் கீழே எரிந்த கணப்பு

வயல்களுக்கு நடுவே நின்ற அந்தப் பரம்பரை மாளிகையின் கூடத்தில், குளிர்காயும் கணப்புக்கு நேர் மேலே பெரிய ஜன்னல் இருந்தது. புகைபோக்கி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடி. ‘சும்மா அலங்காரம்’ என்று அந்த வீட்டு மூத்த மருமகளின் கொழுந்தன் கணப்பை அடைத்துவிட முடிவு செய்திருந்தார்; மறுநாள் கொத்தனார் வருவார். கட்டியவர்கள் புகையைச் சுவருக்குள்ளேயே ஜன்னலைச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவள் கணவர். யாரும் நம்பவில்லை, அவள் உட்பட.

அவள் விறகை அடுக்கிப் பற்றவைத்தாள்.

“புகை எப்படி அண்ணி போகும்? கண்ணாடியத் திறந்துக்கிட்டா?”

“போகும்னாரே உங்க அண்ணன்.”

“அண்ணன் ஆயிரம் சொல்வான்.”

முதலில் புகை கூடத்துக்குள்தான் சுருண்டது. கொழுந்தன் இருமிக்கொண்டே சிரித்தார். தீ நன்றாகப் பிடித்ததும், யாரோ உள்ளிருந்து இழுத்ததுபோல் புகை திரும்பிக் கணப்புக்குள்ளேயே போய் மறைந்தது.

அவள் ஜன்னலோரச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கல் வெதுவெதுத்தது. அவள் கையைக் கடந்து சூடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவே இல்லை.

கொழுந்தன் முக்காலியில் ஏறி, சுவரைத் தடவித் தடவிச் சூட்டின் பின்னாலேயே போனார். ஜன்னல் வளைவின் உச்சியில் அவர் கை நின்றது.

“இங்க திரும்புது, அண்ணி,” என்றார் தாழ்ந்த குரலில். “கொத்தனார வர வேண்டாம்னு சொல்லிடறேன்.”